போர்டும் புராசஸரும் மாத்தியாச்சு, விண்டோஸ் ஏறலை: ஃபார்மெட் இல்லாமல் வழி உண்டா?

லயத்து மகள் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டுக் கணினிக்கு இந்த விடுமுறையில மகன் புது மதர்போர்டும் புராசஸரும் போட்டுக் கொடுத்தான். ஃபேன் சுத்துது, திரை வருது, பயோஸ் (விண்டோஸுக்கு முன்னாடி போர்டே காட்டுற அமைப்புத் திரை) வருது. விண்டோஸ் மட்டும் வரமாட்டேங்குது. அவனுக்குப் படிப்பு தொடங்கிருச்சி, ஜொகூர் பஸ் ஏறிட்டான். டவுன்ல ஒரு கடையில காட்டினேன். சரியா பார்க்கக்கூட இல்லை, "ஃபார்மெட் பண்ணி புதுசா ஏத்திடலாம் டீச்சர், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்"னு சொன்னாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

விவரம் சொல்றேன். பழசு: இன்டெல் ஐ5-3470, எச்61 போர்டு, டிடிஆர்3 ரேம். விண்டோஸ் 7ல தொடங்கி, இலவசமா கொடுத்தப்போ 10க்கு ஏத்தினது. புதுசு: ஐ3-12100, எச்610 போர்டு, டிடிஆர்4 ரேம் 16 ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டு தனியா கிடையாது. கேஸ், பவர் சப்ளை, 1 டிபி ஹார்ட்டிஸ்க் எல்லாம் பழசேதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட நின்னுருச்சி, பழைய புராசஸர் 11ஐ ஏத்துக்காது. அதனாலதான் இந்த மாற்றமே.

பயோஸுக்குள்ள போனா ஹார்ட்டிஸ்க் பேரும் அளவும் தெளிவா தெரியுது. ஆனா பூட் வரிசை (எதுல இருந்து கணினி கிளம்பணும்ங்கிற பட்டியல்) இருக்கிற இடத்துல அது இல்லை. வெளியே வந்தா கறுப்புத் திரையில, பூட் பண்ண எதுவும் கிடைக்கலைன்னு ஒரு வரி.

அந்த டிஸ்க்ல என்ன இருக்குன்னு சொன்னாத்தான் நான் ஏன் ஃபார்மெட்டுக்கு இவ்வளவு பயப்படுறேன்னு உங்களுக்குப் புரியும். நான் பிறந்த தோட்டம் இப்போ இல்லை. பால்மரத்தை (ரப்பர்) வெட்டிட்டு செம்பனை போட்டாங்க, பிறகு நாங்க குடியிருந்த லயத்தையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிச்சி வீடமைப்பு வந்துருச்சி. அங்கே இருந்த குடும்பங்க தாமான் தாமானா (குடியிருப்புப் பகுதிகள்) சிதறிப்போச்சு. ஒவ்வொரு வீடா போய் படம் வாங்கி ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். விடியக்காலை பெரட்டுல (வேலைக்குப் பேர் கூப்பிடுற வரிசை) நிக்கிற ஆளுங்க, தீமிதி, தோட்டப்பள்ளி குழுப்படம், ஆயாக் கொட்டகையில பிள்ளைங்க, 1960ல, அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தொடங்கின தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துல எங்கப்பா பங்கு கட்டின சின்னப் புத்தகம். எல்லாத்துக்கும் மேல, பால் வெட்டின பாட்டிங்க பாடின தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு. தமிழ்நாட்டுல இருந்து அவங்க அம்மா கொண்டுவந்த நடவுப்பாட்டு, நெல்லே இல்லாத தோட்டத்துல இவங்க வாயில உயிரோட இருந்துச்சி. அவங்க திண்ணையில உட்கார்ந்து கைப்பேசியில பதிவு பண்ணேன். பாடினவங்கள்ல பாதிப்பேர் இன்னைக்கு இல்லை. படங்களுக்கு வேற இடத்துல நகல் உண்டு. பாட்டுகளுக்கு முழுசா இல்லை.

டிஸ்க் கெட்டுப்போச்சா? ஃபார்மெட் பண்ணாம விண்டோஸைத் திறக்க முடியுமா? முடியாதுன்னா, முதல்ல அந்தப் பாட்டுகளை எப்படி வெளியே எடுக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்துபகாட் பையன்:

டீச்சர், பயோஸ்ல பூட் பகுதிக்குப் போங்க. சிஎஸ்எம்னு ஒன்னு இருக்கும் (பழைய முறையில பூட் பண்ண விடுற வசதி), அதை ஆன் பண்ணுங்க, செக்யூர் பூட்டை (நம்பகமானதை மட்டும் பூட் பண்ண விடுற காவல்) ஆஃப் பண்ணுங்க, சேவ் பண்ணி வெளியே வாங்க. பழைய விண்டோஸுக்கு அது போதும். என் அண்ணன் கணினிக்கு இதே மாதிரிதான் செஞ்சோம்.

லயத்து மகள்:

நன்றி தம்பி. பார்த்தேன். சிஎஸ்எம் வரி மங்கலா இருக்கு, அழுத்தினா நகரலை. செக்யூர் பூட் ஏற்கெனவே ஆஃப்லதான் இருக்கு.

கூலிம் ரிப்பேர்:

வணக்கம் டீச்சர். முதல்ல நிம்மதியா இருங்க. டிஸ்க் பேரும் அளவும் பயோஸ்ல சரியா வருதுன்னா, பெரும்பாலும் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. டக் டக்னு சத்தம் வந்தா மட்டும் உடனே கணினியை நிறுத்திட்டு இங்கே சொல்லுங்க.

தம்பி சொன்ன வழி 2020க்கு முந்தின போர்டு பலதுக்கும் சரி. இதுக்கு ஆகாது. இன்டெல் 11ஆம் தலைமுறையில இருந்து, புராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் பழைய முறை பூட்டுக்கு ஒத்துழைக்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லைன்னா சிஎஸ்எம்மை போர்டே பூட்டி வச்சிரும். அதனாலதான் உங்களுக்கு மங்கலா தெரியுது. போர்டுல குறை எதுவும் இல்லை, மகன் பொருத்தினதும் சரியாத்தான் இருக்கு.

நடந்தது இதுதான். எச்61 காலத்து போர்டு, டிஸ்க்கோட முதல் செக்டர்ல இருக்கிற எம்பிஆரை (பழைய முறை பூட் குறிப்பும் பகுதிப் பட்டியலும்) படிச்சி விண்டோஸை எழுப்பும். விண்டோஸ் 7 அந்த முறையில ஏறினது. 10க்கு மாறினப்போவும் டிஸ்க்கோட அமைப்பு மாறலை. புது போர்டு யூஇஎஃப்ஐங்கிற புது பூட் முறை மட்டும்தான் பார்க்கும். அதுக்கு ஜிபிடிங்கிற புது டிஸ்க் அமைப்பு வேணும், பூட் ஃபைல் வைக்க இஎஃப்ஐன்னு ஒரு சின்னப் பகுதியும் வேணும். வீடும் இருக்கு, உள்ளே ஆளும் இருக்காங்க, புதுத் தபால்காரருக்குத் தெரிஞ்ச மாதிரி கதவுல நம்பர் மட்டும் இல்லை. அவ்வளவுதான். விண்டோஸ் 10ஓட 1703 பதிப்புல இருந்து, எதையும் அழிக்காம எம்பிஆரை ஜிபிடியா மாத்துற கருவியை மைக்ரோசாஃப்டே சேர்த்துக் கொடுத்திருக்கு. 11க்குப் போகவும் இதே ஜிபிடிதான் வேணும். எப்படியும் செய்யவேண்டிய வேலை.

ஆனா டீச்சர், அந்தக் கருவியை இப்போ தொடாதீங்க. அழிக்காதுன்னு எழுதியிருந்தாலும், வேற இடத்துல நகல் இல்லாத பாட்டு இருக்கிற டிஸ்க்ல நான் கை வைக்கமாட்டேன். என் கடைக்கு வந்திருந்தாலும் முதல் நாள் காப்பி எடுக்கிறது மட்டும்தான் செய்வேன்.

காப்பி எடுக்க டிஸ்க்கைக் கழட்டவேண்டாம். டிஸ்க்கைக் கழட்டி வேற கணினியில சொருகக் கடையில விக்கிற சின்ன யூஎஸ்பி சாட்டா வயர், லேப்டாப்ல வர 2.5 இன்ச் டிஸ்க்குக்குத்தான் பத்தும். உங்களுது மேசைக் கணினி டிஸ்க், 3.5 இன்ச். அதுக்குத் தனியா 12 வோல்ட் அடாப்டர் வேணும். அதைவிட லேசான வழி: பள்ளி லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரியே ஒரு இலவச இயங்குதளம்) இறக்கி, ரூஃபஸ்ங்கிற மென்பொருளை வச்சி ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்துங்க. அந்தப் பென்டிரைவ்ல இருந்து வீட்டுக் கணினியைத் திறந்தா, எதையும் நிறுவாமலே ஒரு முழு டெஸ்க்டாப் வரும். அங்கே "இன்ஸ்டால்"னு ஒரு படம் இருக்கும், அதை மட்டும் தொடாதீங்க. ஃபோல்டரைத் திறந்தா உங்க டிஸ்க்கோட பகுதிகள் தெரியும். வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்னை நீல நிற யூஎஸ்பி ஓட்டையில சொருகி, இழுத்துப் போடுங்க. டிஸ்க் "வாசிக்க மட்டும்"னு வந்தா பயப்படாதீங்க. விண்டோஸ் அரைத்தூக்கத்துல நிறுத்தப்பட்டிருந்தா லினக்ஸ் அப்படித்தான் திறக்கும். நமக்கு வாசிச்சா போதும்.

யார் என்ன சொன்னாலும் "இனிஷியலைஸ்", "ஃபார்மெட்" ரெண்டு வார்த்தைக்கும் சரின்னு அழுத்தாதீங்க.

பழைய வயர்மேன் (தைப்பிங்):

அம்மா, கூலிம் தம்பி சொன்னது எல்லாம் சரி. கணினி உள்வேலை எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா கரண்டு எனக்குத் தெரியும். நம்ம பேராக் பக்கம் மதியத்துக்கு மேல வானம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். காப்பி ஓடும்போதோ, டிஸ்க் அமைப்பை மாத்தும்போதோ கரண்டு போகக்கூடாது. காலையில வச்சிக்குங்க. யூபிஎஸ் யாராவது கொடுத்தா இரவல் வாங்குங்க.

இன்னொன்னு. சர்ஜ் புரொடெக்டர் உள்ள நீட்டுப் பலகை வாங்கி மாட்டினா இடி வந்தாலும் பரவாயில்லைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. எர்த் ஒழுங்கா இருந்தாத்தான் அது முழுசா வேலை செய்யும். எர்த் வயரே பிளக் பாயிண்டுக்கு வராத பழைய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கேன். மூனு ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒன்னும் இருக்காது. ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதிச்சிக்குங்க. இடி சத்தம் கேட்டா சுவிட்சை அடைக்கிறது பத்தாது, பிளக்கைக் கழட்டுங்க, மோடத்துக்கு வர லைனையும் கழட்டுங்க. கரண்டு பக்கம் தப்பிச்சி, இன்டர்நெட் லைன் வழியா போர்டு போன வீடு உண்டு.

பவர் சப்ளை பழசுன்னு எழுதியிருக்கீங்க. பல வருசம் ஓடினது. புது போர்டுக்குக் காசு போட்டாச்சு, அதையும் மாத்திடுங்க. உள்ளே கெப்பாசிட்டர் உப்பி நிக்கிறது வெளியே தெரியாது.

லயத்து மகள்:

ஐயாவுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. பாட்டெல்லாம் வெளியே வந்துருச்சி! மின்ட் டெஸ்க்டாப்ல டி டிரைவ் திறந்து, "மாரியாயி பாட்டி ஒப்பாரி"ன்னு தமிழ்ல நான் வச்ச பேரு அப்படியே தெரிஞ்சப்போ என்னால நம்பமுடியலை. தமிழ்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா போயிருமோன்னு கவலைப்பட்டேன், ஒரு எழுத்துகூட மாறலை. காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்பார்த்தேன். எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் எனக்குப் பத்தாது, ஒவ்வொரு பாட்டியோட குரலையும் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டேன். எல்லாம் ஓடுது. இன்னொரு நகல் என் தங்கச்சி வீட்டுக்கு ஈப்போ போயிருச்சி.

இதே வேலை செய்யப்போறவங்களுக்கு ஒரு விசயம். பாட்டு வரிகளை நான் ஆரம்பத்துல பழைய முரசு அஞ்சல் எழுத்துருவுல அடிச்சி வச்சிருந்தேன், யூனிகோடு பழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி. அந்த ஃபைல்கள் அந்த எழுத்துரு இல்லாம திறந்தா ஆங்கிலக் குறியா சிதறி நிக்கும். அதனால சி டிரைவ்ல விண்டோஸுக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுத்தேன். நம்ம மக்கள் கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, பள்ளி இதழ்னு எவ்வளவோ இந்தப் பழைய எழுத்துருக்கள்ல வச்சிருக்காங்க. ஃபார்மெட் பண்ணிட்டா ஃபைல் இருந்தும் படிக்கமுடியாமப் போயிரும். இதைக் கடைக்காரங்க யாரும் கேக்கமாட்டாங்க, நாமதான் சொல்லணும்.

தம்பி, இப்போ அந்தக் கருவியை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லுங்க.

கூலிம் ரிப்பேர்:

ரொம்ப சந்தோசம் டீச்சர். எழுத்துரு விசயம் நானும் இனி வர்ற ஒவ்வொரு பெட்டிக்கும் கேப்பேன்.

பள்ளி லேப்டாப்லேயே மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து விண்டோஸ் நிறுவுற பென்டிரைவ் ஒன்னு தயார் பண்ணுங்க. அதுல இருந்து கணினியைத் திறங்க. மொழி கேக்கிற முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்க, கட்டளை எழுதுற கறுப்புப் பெட்டி வரும். முதல்ல டிஸ்க்பார்ட் (டிஸ்க் பகுதிகளைக் கையாளுற கருவி) திறந்து, லிஸ்ட் டிஸ்க் போட்டு, 1 டிபி டிஸ்க் எந்த எண்ணுன்னு பாருங்க. பெரும்பாலும் 0. வெளி டிஸ்க்கைக் கழட்டி வச்சிட்டுப் பாருங்க, குழப்பம் வராது. எக்சிட் கொடுத்து வெளியே வந்து, எம்பிஆர்2ஜிபிடின்னு ஆங்கிலத்துல சேர்த்து எழுதுங்க, இடம் விட்டு சாய்கோடு வேலிடேட், இடம் விட்டு சாய்கோடு டிஸ்க் முக்காற்புள்ளி 0. இது சோதனை மட்டும்தான், எதையும் மாத்தாது. சரின்னு சொன்னா வேலிடேட் இருந்த இடத்துல கன்வர்ட் போட்டு அழுத்துங்க.

லயத்து மகள்:

சோதனையிலேயே நின்னுருச்சி. டிஸ்க் அமைப்பு சரியில்லைன்னு சொல்லுது. கன்வர்ட் போடலை.

கூலிம் ரிப்பேர்:

நல்லது, போடாதீங்க. டிஸ்க்பார்ட்ல செலக்ட் டிஸ்க் 0, பிறகு லிஸ்ட் பார்ட்டிஷன். வர்றதை அப்படியே எழுதுங்க.

லயத்து மகள்:

நாலு வரி. 1: 100 எம்பி. 2: 200 ஜிபி, இது சி. 3: 450 எம்பி. 4: 730 ஜிபி, இது டி. நாலுமே பிரைமரின்னு போட்டிருக்கு.

கூலிம் ரிப்பேர்:

அதேதான் நினைச்சேன். எம்பிஆர்ல பிரைமரி பகுதி நாலுக்கு மேல இருக்கமுடியாது. இஎஃப்ஐ பகுதிக்கு இடம் வேணும்னு அந்தக் கருவி மூனுக்கு மேல இருந்தா ஒத்துக்காது. மூனாவதா இருக்கிற 450 எம்பி, விண்டோஸ் 10க்கு ஏத்தினப்போ அதுவே உண்டாக்கின ரீகவரி (கோளாறு வந்தா விண்டோஸை மீட்கிற) பகுதி. உங்க ஃபைல் எதுவும் அதுல கிடையாது. எடுத்துடலாம்.

டிஸ்க்பார்ட்லேயே செலக்ட் பார்ட்டிஷன் 3. உடனே டீடெய்ல் பார்ட்டிஷன் போட்டு, 450 எம்பி பகுதிதான் தேர்வாகியிருக்கான்னு கண்ணால பாருங்க. பிறகு டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு. இந்த ஒரு இடத்துலதான் எண் மாறினா டி டிரைவ் போயிரும், அதனால அவசரம் வேண்டாம். காப்பி இருக்கிறதாலதான் இதை எழுத்துல சொல்லவே துணியறேன்.

அப்புறம் மறுபடி வேலிடேட், பிறகு கன்வர்ட். கடைசியில ரீஏஜென்ட் ஃபைலை மாத்தமுடியலைன்னு ஒரு வரி வந்தா விட்டுடுங்க, அது ரீகவரி சம்பந்தப்பட்டது, பூட்டைப் பாதிக்காது. முடிஞ்சதும் பயோஸ் போனா, பூட் வரிசையில டிஸ்க் பேருக்குப் பதிலா "விண்டோஸ் பூட் மேனேஜர்"னு வந்திருக்கும். அதை மேலே ஏத்துங்க.

லயத்து மகள்:

திறந்துருச்சி தம்பி! காலையில, வானம் தெளிவா இருக்கும்போதே முடிச்சேன். சாதனங்களைத் தயார் பண்றேன்னு கொஞ்ச நேரம் சொல்லிட்டு, என் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்னுச்சி. எழுத்துரு, ஃபோல்டர், எல்லாம் இடத்துலேயே. மகனுக்குப் படம் அனுப்பினேன், வகுப்புல இருந்தே கூப்பிட்டான்.

ரெண்டு விசயம் பாக்கி. இன்டர்நெட் வயரைச் சொருகினா கண்டுக்கவே இல்லை. கீழே ஓரத்துல விண்டோஸை ஆக்டிவேட் பண்ணுன்னு எழுத்து நிக்குது.

கூலிம் ரிப்பேர்:

புது போர்டோட நெட்வொர்க் சிப்புக்கு விண்டோஸ் 10 கிட்ட டிரைவர் (சிப்பை இயக்குற மென்பொருள்) இல்லை, அதான். உங்க ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் வயரால கணினியில சொருகி, கைப்பேசியில யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. டிரைவர் இல்லாமலே நெட் வந்துரும். அதை வச்சி போர்டு நிறுவனத்தோட தளத்துல லேன், சிப்செட், ஆடியோ டிரைவர் இறக்கிக்குங்க. சும்மா தேடி வர்ற "டிரைவர் அப்டேட்டர்" எதையும் போடாதீங்க.

ஆக்டிவேஷன், விண்டோஸ் உரிமம் போர்டோட கட்டியிருக்கிறதால வர்றது. பழைய போர்டுல இருக்கும்போது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கோட சேர்த்திருந்தா, ஆக்டிவேஷன் பக்கத்துல டிரபுள்ஷூட் அழுத்தி, சமீபத்துல ஹார்ட்வேர் மாத்தினேன்னு தேர்வு பண்ணிப் பாருங்க. கணினியோடவே வந்த ஓஇஎம் உரிமமா இருந்தா புது போர்டுக்கு மாறாது, புதுசா வாங்கத்தான் வேணும். வாங்கிறதுன்னா ரசீது தர்ற கடையில வாங்குங்க, இருபது முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆன்லைன்ல விக்கிற எண்ணை நம்பவேண்டாம். அதுவரைக்கும் கணினி ஓடும், ஃபைல் எதுவும் போகாது.

11க்கு ஏத்துறதுக்கு முன்னாடி பயோஸ்ல பிடிடின்னு ஒன்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. 11 கேக்கிற டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமா வைக்கிற பாதுகாப்புப் பகுதி) வேலையை இன்டெல்ல அதுதான் செய்யுது. செக்யூர் பூட்டையும் அப்போ ஆன் பண்ணிக்கலாம். இன்னொன்னு: பணம் தேறும்போது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்னு வாங்கி விண்டோஸை அதுக்கு மாத்திடுங்க. அந்தப் பழைய ஹார்ட்டிஸ்க் நிறைய உழைச்சிருச்சி.

பத்துபகாட் பையன்:

அண்ணே, நானும் அடுத்த மாசம் போர்டு மாத்தப்போறேன். என்னுது விண்டோஸ் 11, முன்னாடியே ஜிபிடிதான். அப்போ எனக்கு ஒன்னும் செய்யவேண்டாம்தானே?

கூலிம் ரிப்பேர்:

ஒன்னு செய்யணும் தம்பி, பழைய போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியே. விண்டோஸ் 11 பல கணினியில டிஸ்க்கைத் தானாவே என்கிரிப்ட் பண்ணி (சாவி இல்லாம படிக்கமுடியாதபடி மறைச்சி) வச்சிருக்கும். சாவி பழைய போர்டு பக்கம் டிபிஎம்ல இருக்கும். புது போர்டுல திறந்ததும் 48 இலக்க ரீகவரி எண் கேக்கும், அது இல்லைன்னா நானும் ஒன்னும் பண்ணமுடியாது. இப்பவே உன் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள்ள போய் அந்த எண் இருக்கான்னு பாரு, தாளில எழுதி வை. இல்லைன்னா செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணிட்டு, அது முழுசா முடியறவரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடு.